யூரியா கூட்டினால் நெல் தண்டு இறுகாது

"சம்பா சாயாமல் நிற்க, கதிர் வரும் முன் ஏக்கருக்கு இன்னொரு மூட்டை யூரியா போடுங்கள், தண்டு இரும்பாகிவிடும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி டெல்டா விவசாயிகளிடம் சுற்றுகிறது. இது தவறு. நடப்பது நேர் எதிர்.

தண்டின் செல்கள் முதலில் மெல்லிய சுவரோடு நீளும். நீள்வது நின்ற பிறகுதான் அந்தச் சுவரின் உட்பக்கம் இரண்டாவது சுவர் படியத் தொடங்கும். செல்லுலோஸ் இழைகள், அவற்றோடு பிணையும் சைலான் என்ற சர்க்கரைச் சங்கிலி, இடைவெளிகளை நிரப்பி இறுக்கும் லிக்னின் எல்லாம் சேர்ந்துதான் தண்டுக்கு விறைப்பு. யூரியா தரும் தழைச்சத்து (நைட்ரஜன்) மிஞ்சினால் அடிக்கணுக்களின் இடைவெளி நீளும். செல்லுலோஸும் லிக்னினும் குறையும். பயிர் கரும்பச்சையாகச் செழித்துத் தெரியும், ஆனால் தை மாதக் கதிர் பாரத்தில் ஒரு மழைக்கே படுத்துவிடும். தண்டில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சியும் கூடும்.

சரி, யூரியாவே வேண்டாமா? வேண்டும். இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டை பார்த்துப் பிரித்துப் போடுங்கள், சாம்பல் சத்தை (பொட்டாஷ்) விடாதீர்கள். 1922 முதல் இயங்கும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலோ, உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்திலோ கேட்டுச் சரிபார்க்கலாம். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் இதைச் சொல்லுங்கள்.