டிகோடர் இல்லாமலே வரும், சாமி!

டர்பன் சாட்ஸ்வர்த்துல ஒரு ஃப்ளாட்ல நடந்த விவகாரம் இது. தென்னாப்பிரிக்க அரசு டிவியான எஸ்ஏபிசி பார்க்கவே டிகோடர் (சிக்னலைப் படமா மாத்துற தனிப் பெட்டி) வேணும்னு சொல்லி, பென்ஷனை நம்பி இருக்கிற பாட்டி தலையில ஒரு பெட்டியைக் கட்டிட்டுப் போயிருக்கான் ஒருத்தன். எஸ்ஏபிசி 1, 2, 3, இ.டிவி எதுக்கும் டிகோடர் வேண்டாம். வேண்டாம்னா வேண்டாம்.

டிவிக்குப் பின்னாடி ஸ்டிக்கரைப் பாருங்க. டிவிபி-டி2ன்னு (DVB-T2, ஏரியல்ல வர்ற டிஜிட்டல் சிக்னலைப் பிடிக்கிற முறை) போட்டிருந்தா, தேவையான பெட்டி டிவிக்குள்ளேயே இருக்கு. பாட்டி டிவியில போட்டிருக்கு! சுவத்துல ரெண்டு வாய்: மரை போட்டது 'சாட்' (டிஷ்ஷுக்கு), வழவழன்னு இருக்கிறது 'டிவி' (ஏரியலுக்கு). பாட்டி வீட்டுல வயர் 'சாட்'ல மாட்டியிருந்தது. அதுல வர்ற டிஷ் சிக்னல் 950 மெகாஹெர்ட்ஸுக்கு மேல, டிவி தேடுறதோ 470லிருந்து 694 வரை. எப்படிச் சிக்கும்?

வயரை 'டிவி' வாய்க்கு மாத்தினதும் மெனுவுல 'ஆன்டெனா'வைத் தேர்ந்தெடுங்க. சுவத்துலேருந்து வயர் வருதேன்னு நம்மாளுங்க 'கேபிள்' போட்டுடறாங்க. அப்போ டிவி வேற முறையில தேடி, பூஜ்யம் சேனல்னு கையை விரிக்கும். நாடு சவுத் ஆப்பிரிக்கா, ஆட்டோ டியூன், அவ்வளவுதான்.

அப்பவும் வரலையா? பிளக்கைக் கழட்டிப் பாருங்க. வயருக்குள்ள சுத்தி இருக்கிற வலைக்கம்பியில ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலே போச்சு. அதுவும் சரின்னா மொட்டைமாடி மல்டிஸ்விட்ச்ல (டிஷ், ஏரியல் சிக்னலை எல்லா வீட்டுக்கும் பிரிச்சு அனுப்புற பெட்டி) ஏரியல் வாய் காலியாக் கிடக்கும். டிஷ் மட்டும் மாட்டிட்டு இறங்கிடுவாங்க.

"பூஸ்டர் போட்டா வருமே"ன்னு ஒருத்தர். டவர் கிட்ட இருக்கிறப்போ பூஸ்டர் போட்டா சிக்னல் ஏறிப்போய், வர்ற சேனலும் கட்டம் கட்டமா உடையும். "சன் டிவி வராதே"ன்னு இன்னொருத்தர். வராது. அதுக்கு டிகோடர், கார்டு, மாசக் கட்டணம் எல்லாம் வேணும். நான் பேசறது இலவச சேனலைப் பத்தி. "பழைய டிவிக்கு?" டிஜிட்டல்ல பார்க்க அதுக்குப் பெட்டி வேணும், சரி.

"இது திருட்டு இல்லையா"ன்னு கேட்ட புண்ணியவான்களே, பூட்டாம எல்லாருக்கும் விடுற அலை அது. டிவி லைசென்ஸுன்னு வருஷம் 265 ராண்ட் வேற கேட்கிறாங்க. அதுக்கு மேல ஒரு பெட்டிக் காசு எதுக்கு? திருட்டு எந்தப் பக்கம் நடந்திருக்குன்னு பார்த்துட்டு வந்து பேசுங்க. கும்பிட்டு "வணக்கம் பாட்டி"ன்னு வீட்டுக்குள்ள வந்தவன்கிட்ட கிழவி என்னத்தைக் குறுக்குக் கேள்வி கேட்பாங்க? தமிழ்ல பேசினான், நம்பிட்டாங்க. எனக்கு வயிறு எரியறது அதுக்குத்தான்.

பேத்தி இதைப் படிச்சா: பெட்டிக்கு பில் கொடுத்தாங்களாம்மா? இருந்தா போட்டோ எடுத்து இன்பாக்ஸ்ல அனுப்பு.