சிரியன் ஹாம்ஸ்டருக்கு ஜோடி வேண்டாம்

புதிதாக வாங்கிய ஹாம்ஸ்டர் (எலி போன்ற சின்ன வளர்ப்புப் பிராணி) மூலையிலேயே பதுங்கியிருக்கிறது, என்ன செய்யலாம் என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு "ஒற்றையாக வைத்தால் ஏங்கிப்போகும், இன்னொன்றையும் வாங்கி விடுங்கள்" என்று ஒரு நண்பர் பதில் சொல்லியிருக்கிறார். லவ் பேர்ட்ஸுக்கு இது சரி. கேள்வி கேட்டவர் வாங்கியிருப்பதோ பொன்னிற சிரியன் ஹாம்ஸ்டர். அது தனியாக வாழும் பிராணி. இயற்கையில்கூட வளர்ந்தவை ஒரு வளையில் ஒன்று மட்டும்தான் இருக்கும்.

கடையில் ஒரே தொட்டியில் பத்துப் பன்னிரண்டு ஒன்றன்மேல் ஒன்று படுத்துத் தூங்குவதைப் பார்த்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அவை குட்டிகள். இரண்டு மாதம் நெருங்கும்போது கூடப்பிறந்தவையே ஒன்றையொன்று கடிக்கத் தொடங்கும். சண்டை பெரும்பாலும் இரவில், நாம் தூங்கும்போது நடக்கும். காலையில் காயம் இருக்கும், சில சமயம் ஒன்று செத்தே கிடக்கும். ஆணும் பெண்ணுமாக அமைந்துவிட்டால் இன்னொரு தலைவலி: கருவுற்றுச் சுமார் 16 நாளில் குட்டி போட்டுவிடும். "ரெண்டும் பெண்தான்" என்று கடைக்காரர் சொல்வதை நான் அவ்வளவாக நம்ப மாட்டேன்.

குட்டை ஹாம்ஸ்டர் வகைகளில் சில சேர்ந்து இருக்கும் என்பது உண்மைதான். அதற்கும் சின்ன வயதிலிருந்தே ஒன்றாக வளர்ந்திருக்க வேண்டும், பிரித்து வைக்க இன்னொரு கூண்டும் தயாராக வேண்டும்.

இன்னொன்று வாங்கும் காசுக்குப் பெரிய கூண்டு வாங்கலாம். தோண்டி ஒளிய ஒரு சாண் ஆழத்துக்கு மையில்லாத காகிதத் துண்டுகளைப் போடுங்கள். சக்கரம் கால் சிக்காத முழுத்தட்டாக இருக்கட்டும். அப்புறம், மூலையில் பதுங்கியே இருக்கிறது என்று கேட்டிருந்தாரே, அது ஏக்கமில்லை, புது இடத்துப் பயம். சில நாள் கையில் எடுக்காமல் விட்டுவிடுங்கள்.