மூணு போடு, மூணு போடு என்கிறீர்களே, எதை எடுப்பது?

புது செட்டின் கார்டுப் படங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரத் தொடங்கியதிலிருந்து என் போனுக்கு வருகிற ஒரே வாக்கியம் "மூணு போடு". ஸ்டார் வார்ஸ்: அன்லிமிடெட் என்ற கார்டு விளையாட்டில் ஒரே கார்டை மூன்றுக்கு மேல் வைக்க விதி விடாது, அதனால் மூன்றோடு நிற்கிறார்கள், இல்லாவிட்டால் முப்பது போடச் சொல்வார்கள். சரி, போடுகிறேன். எதை எடுக்க? டெக், அதாவது ஆடக் கொண்டுபோகும் கட்டு, 50 கார்டு. உள்ளே மூன்று போனால் வெளியே மூன்று வர வேண்டும். இதைக் கேட்டால் மட்டும் எல்லோருக்கும் திடீரென்று வேறு வேலை வந்துவிடுகிறது. "அதெல்லாம் நீ பாத்துக்கோ மச்சி." பார்த்துக்கொண்டேன். முந்தாநாள் ராத்திரி நன்றாகவே பார்த்துக்கொண்டேன்.

50 என்பது குறைந்தபட்சம்தானே, எதையும் எடுக்காமல் 53 ஆக ஆடலாமே என்று சொல்கிற மேதைகளும் இருக்கிறார்கள். அவர்களோடு பேசி என் ஆயுளைக் குறைத்துக்கொள்வதாக இல்லை.

கார்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உடனே நாலு பேர் வந்து "அது நல்ல கார்டாச்சே" என்பீர்கள். நல்ல கார்டுதான். காஸ்ட் 7, அதாவது காசு மாதிரி கவிழ்த்து வைத்த ஏழு ரிசோர்ஸ் கார்டுகளைச் சாய்த்தால்தான் இறங்கும். பெரிய விண்கப்பல், படத்தைப் பார்த்தாலே சல்யூட் அடிக்கத் தோன்றும். வெளியான அன்றே ஐந்துக்கு ஐந்து மார்க் போட்டுவிட்டார்கள். ஒருவரும் அதை இன்னும் மேஜையில் வைத்து ஆடியதில்லை, ஆனால் மார்க் மட்டும் ரெடி. இந்த மார்க் போடுகிறவர்களின் கற்பனையில் எதிராளி எப்போதும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாம் ஏழு ரிசோர்ஸ் சேர்க்கும் வரை அவர் ஜன்னல் வழியே மேகத்தைப் பார்ப்பார், கப்பல் இறங்கியதும் எழுந்து நின்று கைதட்டுவார்.

ராத்திரி பத்து மணிக்கு மூன்று கப்பலையும் புது உறையில் போட்டு டெக்குக்குள் செருகினேன். வெளியே எடுத்தது மூன்று சென்டினல். காஸ்ட் 2, காமன் கார்டு, பார்க்க ஒன்றுமே இல்லை. அதன் வேலை நிலத்தில் குறுக்கே நின்று அடி வாங்குவது மட்டும். அதை யார் மதிக்கிறார்கள். பதினொன்றரைக்கு நண்பரிடமிருந்து இன்னொரு செய்தி: "பேஸையும் மஞ்சளா மாத்திடு, புது மஞ்சள் கார்டெல்லாம் செம." பேஸ் என்பது நாம் காக்க வேண்டிய கோட்டைக் கார்டு, அதற்கும் ஒரு நிறம் உண்டு. மாற்றினேன். பச்சை கார்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு மஞ்சளைப் போட்டேன். கப்பலை மட்டும் பார்க்கவில்லை. அது பத்து மணிக்கே முடிந்துபோன விஷயமாயிற்றே! இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் தேவைப்படும்.

நேற்று ஆட்டம். முதலில் ஆறு கார்டு. இரண்டு கப்பல். நூறு ஆட்டத்தில் மூன்று நான்கு தடவைதான் முதல் கையில் இரண்டோ மூன்றோ வரும், அந்தப் பாக்கியம் எனக்கு நேற்றே வாய்த்தது. கையை ஒருமுறை மாற்றலாம் அல்லவா, மாற்றினேன். மறுபடியும் ஒரு கப்பல். சரி, ஆறில் இரண்டைக் கவிழ்த்து ரிசோர்ஸாக வைக்க வேண்டும். எந்த இரண்டு? ஆறாவது சுற்று வரை ஆடவே முடியாத கார்டைத்தான் முதலில் புதைக்க வேண்டும், இது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் பாக்கெட்டுக்கு 16 கார்டு, அதில் ரேர் அல்லது லெஜண்டரி என்று உறுதியாக இருப்பது ஒன்றே ஒன்று, அப்படிப் பாக்கெட் பாக்கெட்டாகப் பிரித்தும் மாற்றிக்கொண்டும் மூன்று சேர்த்தவனிடம் போய் அதைக் கவிழ்த்து வை என்றால் கை வருமா? எனக்கு வரவில்லை. கையில் இருந்த இரண்டு மலிவான கார்டுகளைப் புதைத்துவிட்டு கப்பலைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

முதல் சுற்றில் ஆட என்னிடம் ஒன்றுமில்லை. எதிரே ஒரு பையன். எல்லோரும் ஆடி அலுத்துப்போன பழைய டெக், புது கார்டு ஒன்றுகூட இல்லை, உறையெல்லாம் ஓரம் மடங்கியிருக்கிறது. காஸ்ட் 2 ஆள் ஒன்றை இறக்கினான். இரண்டாவது சுற்றில் அது என் பேஸை மூன்று அடித்தது, மூன்றாவது சுற்றிலும் மூன்று. நடுவில் நானும் ஏதோ இறக்கினேன், அது செத்தது, அதைப் பற்றிப் பேச வேண்டாம். குறுக்கே நிற்க ஒரு சென்டினல் இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மூளை கேட்டுக்கொண்டே இருந்தது, அவை மூன்றும் வீட்டில் ஒரு டப்பாவுக்குள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தன. நான்கு, ஐந்து. பையன் பாதிச் சுற்றிலேயே இனிஷியேட்டிவை, அதாவது அடுத்த சுற்றில் முதலில் ஆடும் உரிமையை, எடுத்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்துவிடுகிறான், அவனுக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. என் பேஸில் 30-க்கு 19 போய்விட்டது.

ஆறாவது சுற்று. ஏழு ரிசோர்ஸ். இதற்காகத்தானே காத்திருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொன்றாக, சத்தமாக எண்ணிச் சாய்த்தேன், ஏழு வரை, பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. கப்பலை மேஜையில் வைத்தேன், வைக்கவில்லை, இறக்கினேன். பையன் கார்டைப் பார்த்தான். என் லீடரைப் பார்த்தான். என் பேஸைப் பார்த்தான். மறுபடியும் கார்டைப் பார்த்தான். ரொம்ப மரியாதையாக, "அண்ணா, ஒன்பது" என்றான்.

"எது ஒன்பது?"

"கப்பல்ண்ணா. பச்சை இல்லையே உங்ககிட்ட."

கார்டில் இருக்கும் ஆஸ்பெக்ட், அதாவது அதன் நிறம், நம் லீடரிலும் பேஸிலும் இல்லாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு ரிசோர்ஸ் கூடுதல். இந்த விதியைப் புதிதாக ஆட வருகிறவர்களுக்கு நானே உட்கார்ந்து விளக்கியிருக்கிறேன். எத்தனை பேருக்கு! கப்பலைக் கைக்குத் திரும்ப எடுத்தேன். சாய்த்த ஏழையும் நிமிர்த்தினேன், அதையும் ஒவ்வொன்றாகத்தான் நிமிர்த்த வேண்டியிருந்தது, இந்தத் தடவை சத்தமில்லாமல். ஏழாவது சுற்றில் இரண்டாவது கப்பல் வந்தது. அதை நானே குழி தோண்டிப் புதைத்தேன். எட்டாவது சுற்று, ஒன்பது ரிசோர்ஸ், பேஸில் 26 அடி. ஒன்பதையும் கொட்டி இறக்கினேன். இறங்கிய சுற்றில் யூனிட் களைத்துத்தான் கிடக்கும், அடிக்க முடியாது. கப்பல் அழகாகச் சாய்ந்து படுத்திருந்தது. பையன் அந்த முதல் சுற்று ஆளாலேயே, அதன் மேல் ஏதோ ஏற்றிவிட்டிருந்தான், ஒரே அடி, நான்கு. முடிந்தது.

இதற்கு அப்புறம்தான் பெரிய கொடுமை. பையன் என் கப்பலைக் கையில் எடுத்து முழுசாகப் படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறான்: "சூப்பர் கார்டுண்ணா. மூணு போடலாம்."

தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். 50-இல் மூன்று இருந்தால் முதல் ஆறில் ஒன்றாவது வந்து தொலைக்கும் வாய்ப்பு 32 சதவீதம். ஆறாவது சுற்றுக்குள் 16 கார்டு பார்த்துவிடுவோம், கையை மாற்றியதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் அதற்குள் ஒன்று வர 69 சதவீதத்துக்குச் சற்று மேல். இரண்டே வைத்தால் முதல் கைத் தொல்லை 23 ஆக இறங்கும், ஆறாவது சுற்றுக்குள் வருவது 54. அதாவது இவ்வளவு கனமான கார்டுக்கு இரண்டே தாராளம், எடுக்கிற கார்டு பெயரளவுக்காவது ஏழு காஸ்ட் பக்கம் இருக்க வேண்டும், காஸ்ட் 2 சென்டினலாக இருக்கக்கூடாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நிமிடம் ஆனது. ஆட்டத்துக்கு முன்னால் ஏன் போடவில்லை என்று கேட்காதீர்கள். படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நண்பரிடம் நடந்ததைச் சொன்னேன். முழுசாகக் கேட்டார். "ஓ, பச்சை கார்டா அது? நான் பாக்கவே இல்ல மச்சி. சரி, நீ எத்தனை போட்ட?" சிரிப்புதான் வந்தது, வேறு என்ன செய்ய.

இதில் உறை வேறு. பழைய உறை கருப்பு. கப்பலுக்காக வாங்கிய புது உறையும் கருப்பு, அதே பிராண்டு, அட்டையில் அதே பெயர். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. காலையில் டெக்கைக் கவிழ்த்துப் பார்த்தால் மூன்று கார்டு மட்டும் தனியாகப் பளபளக்கிறது. போட்டியாக இருந்திருந்தால் பின்பக்கத்திலிருந்தே தெரியும்படி அடையாளம் வைத்த கார்டு என்று என்னை எழுப்பிவிட்டிருப்பார்கள். நேற்று முதல் சுற்றிலிருந்தே என் கையில் கப்பல் இருப்பது அந்தப் பையனுக்குத் தெரிந்திருக்கும், பாவம், கடைசி வரை முகத்தில் காட்டவே இல்லை. கருப்பு என்று போட்டுத்தானே விற்கிறீர்கள்? கருப்பில் எப்படிய்யா இரண்டு கருப்பு?