அந்தக் கறுப்பு பெல்ட் எங்கிருந்து வந்தது, மாஸ்டர்?

ஞாயிற்றுக்கிழமை கராத்தே கிரேடிங்கில், அதாவது பெல்ட் தேர்வில், நடந்ததை நான் மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. காணொளியை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். பாதிப் பேர் எனக்கே அனுப்பியும் வைத்தீர்கள். பதினைந்து வயதுப் பெண், சீருடை அணிந்து, வரிசையில் நின்று, குனிந்து வணங்கிய பிறகு, "நீ ஜூடோ வகுப்புக்குப் போகிறாயாமே, பெல்ட்டையும் அங்கேயே போய் வாங்கிக்கொள்" என்று சொல்லி அந்த மாஸ்டர் வெளியே அனுப்பினார். அதுவும் ஒலிபெருக்கியில். பெற்றோர்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பும் கேட்கிறது. எனக்கு அந்தச் சிரிப்புத்தான் இன்னும் ஆறவில்லை.

இன்னொரு இடத்தில் கற்றுக்கொள்வது துரோகம் அல்ல. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை இதையேதான் சொல்லப் போகிறேன். பிடிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

மாஸ்டருக்கு மரபின் மேல் அபாரப் பற்று. கூடத்துச் சுவரில் கராத்தேயை ஜப்பானில் பரப்பிய ஃபுனகோஷியின் படம், அதற்குப் பூமாலை, ஊதுபத்தி. நல்லது. அந்த ஃபுனகோஷி அசாடோ, இதோசு என்று இரண்டு ஆசான்களிடம் கற்றவர். 1922-இல் ஓகினாவாவிலிருந்து டோக்கியோவுக்கு வந்து கராத்தேயைச் செய்துகாட்டியபோது, தம் ஜூடோ பள்ளியான கோடோகனுக்கே அவரை அழைத்து மேடை கொடுத்தவர் ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ. கானோவும் ஒரே வாசலில் நின்றவர் இல்லை. ஜுஜுட்சு என்ற பழைய ஜப்பானியத் தற்காப்புக் கலையில் தென்ஜின் ஷின்யோ, கிட்டோ என்ற இரண்டு மரபுகளைக் கற்ற பிறகுதான் 1882-இல் கோடோகனைத் தொடங்கினார். 'டான்' என்ற தரவரிசையும் கறுப்பு பெல்ட்டும் தற்காப்புக் கலைகளுக்குள் வந்தது அவருடைய ஜூடோ வழியாகத்தான். கராத்தே அவற்றை அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டது. ஃபுனகோஷி தம் மாணவர்களுக்கு முதன்முதலில் கறுப்பு பெல்ட் கட்டியது 1924-இல். மாஸ்டர் அன்று கஞ்சிபோட்டு அணிந்திருந்த வெள்ளைச் சீருடையும் ஜூடோ உடையைப் பார்த்துத் தைத்ததுதான்.

ஆக, ஜூடோ கற்கப் போனாள் என்பதற்காக, ஜூடோவிடமிருந்து வந்த பெல்ட்டை ஒரு பெண்ணுக்கு மறுத்திருக்கிறார். யாராவது இதை அவரிடம் மெதுவாகச் சொல்லுங்கள். ஒலிபெருக்கி வேண்டாம்.

என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். பெங்களூரு அல்சூரில் எங்கள் பெரியப்பாவிடம்தான் முதலில் சிலம்பக் கம்பு பிடித்தேன். நெற்றி உயரத்துக்கு அளந்து ஒரு கம்பை வெட்டிக் கொடுத்தாரே தவிர, மாதக்கணக்கில் அதைச் சுழற்ற விடவில்லை. வெறும் சுவடுதான், கால் வைக்கும் முறை. முன்னால் ஓர் அடி, பக்கவாட்டில் ஓர் அடி, திரும்பு, மறுபடியும். பிறகு பள்ளி மைதானத்தில் கராத்தே. அந்த மாஸ்டர் ஜப்பானிய மொழியில் எண்ணுவார், கன்னடத்தில் திட்டுவார், கட்டணத்தை மட்டும் ஆங்கிலத்தில் கேட்பார். ஆனால் குத்து என்பது தோளிலிருந்து வருவதில்லை, இடுப்பிலிருந்து வருகிறது என்று என் உடம்புக்குப் புரியவைத்தவர் அவர். அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு. குமிதேயில், அதாவது இருவர் மோதும் பயிற்சியில், நான் பக்கவாட்டில் விலகி அடிப்பதை ஒருமுறை எல்லோர் முன்னாலும் பாராட்டினார். அது அல்சூர்ச் சந்தில் பெரியப்பா வைக்கச் சொன்ன சுவடு என்பது அவருக்குத் தெரியாது.

கல்லூரியில் ஜூடோ. முதல் நாள் என்னைவிட மெலிந்த ஒரு பெண் என் காலரைப் பிடித்தாள். நான் பழக்கத்தில் முன்காலை நீட்டி, எடையை அதன்மேல் போட்டு, கராத்தே நிலையில் ஊன்றி நின்றேன். அந்த முன்காலைத்தான் அவள் தன் பாதத்தால் சர்ரென்று வாரினாள். எந்த நிலையை உறுதியானது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்களோ, சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒருத்தியிடம் அதுவே வசதியான இலக்கு. எட்டி நின்று அடித்துக்கொள்ளும்போது அந்த நிலைக்கு அர்த்தம் இருக்கிறது. கைக்குள் வந்துவிட்டால் இல்லை. ஒரே கூடத்தில் இருபது ஆண்டுகள் இருந்தாலும் இது தெரிய வராது. அங்கே யாரும் சட்டையைப் பிடிக்கப் போவதில்லையே!

கல்லூரி ஜூடோ அணியில் என் பெயர் வந்ததை யாரோ கராத்தே மாஸ்டரிடம் சொல்லிவிட்டார்கள். அடுத்த வகுப்பிலிருந்து அவர் என்னைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை. "ஏய், மூன்றாவது வரிசை" என்றார். வகுப்பு முடிந்ததும் கூடத்தைப் பெருக்குவது என் பொறுப்பு. அதை மட்டும் அவர் நிறுத்தச் சொல்லவில்லை. சில வாரங்கள் பெருக்கிவிட்டு வந்தேன். பிறகு போகவில்லை. இதை இத்தனை ஆண்டுகளில் எங்கேயும் எழுதியதில்லை.

இப்போது வரப்போகும் அறிவுரைகளுக்கு வருகிறேன்.

"குருபக்தி என்று ஒன்று இருக்கிறது." இருக்கிறது, ஐயா. நேற்று ஒருவர் ஏகலைவனை உதாரணம் காட்டிப் பின்னூட்டம் எழுதியிருந்தார். அந்தக் கதையில் கட்டைவிரலை இழந்தது யார், அதைக் கேட்டு வாங்கியது யார் என்பதை அவர் இன்னொரு முறை படித்துவிட்டு வரட்டும். பக்தி மாணவியின் பக்கமிருந்து மட்டும்தான் வர வேண்டுமா? ஆசிரியருக்கு மாணவியின் மேல் ஒரு துளி அக்கறையும் வேண்டாமா? ஜூடோ 1964-இல் ஒலிம்பிக்கில் நுழைந்தது. 1992 முதல் பெண்களுக்கும் பதக்கம் உண்டு. கராத்தேக்கு டோக்கியோவில் ஒரு முறை கதவு திறந்தது, பாரிஸில் மூடிவிட்டது. ஒலிம்பிக் கனவு காணும் ஒரு பெண் எங்கே போவாள்? போய்ப் பார்த்துவிட்டு வா என்று சொல்லத் தெரியாதவருக்குப் பூமாலை எதற்கு?

"இரண்டையும் ஒன்றாகக் கற்றால் குழம்பிவிடுவார்கள்." ஆரம்பத்தில் குழப்பம் வரத்தான் செய்யும். அதனால் முதல் ஓரிரண்டு ஆண்டுகள் ஒரே இடத்தில் இருக்கச் சொல்லலாம். இந்தப் பெண் கறுப்பு பெல்ட் தேர்வுக்கு வந்தவள். அடுத்தது.

"சேரும்போதே விதிகளில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்." பதினைந்து வயதில்!

"சிலம்பத்தை உயர்த்துவதற்காகக் கராத்தேயைத் தாழ்த்துகிறீர்கள்." இது எதிர்பார்த்ததுதான். 2024-இல் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றபோது மகிழ்ந்தவள்தான் நான், மறுக்கவில்லை. ஆனால் சிலம்ப வாத்தியார்களிலும் இதே குணம் உள்ளவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்திரா நகரில் பிரேசிலிய ஜியு-ஜிட்சு கற்கப் போனபோது, கட்டா, அதாவது எதிராளி இல்லாமல் வரிசையாகச் செய்யும் கராத்தே அசைவுகளைச் செய்பவர்களை நடனக் கலைஞர்கள் என்று கேலி செய்யும் பையன்களையும் பார்த்தேன். அவர்களுடைய கலையே 1914-இல் பிரேசிலுக்குப் போன மாயெடா என்ற ஜூடோக்காரரிடமிருந்து வந்தது என்றால் முகம் சுருங்குகிறது. எல்லாக் கூடத்திலும் ஒருவர் இருக்கிறார். பெரியப்பாவும்தான் நான் கராத்தேக்குப் போனபோது "ஜப்பான்காரன் ஆட்டமா?" என்று முணுமுணுத்தார். ஆனால் ஜூடோ கற்கிறேன் என்று தெரிந்ததும் வீட்டுக் கூடத்தில் பாயை விரித்து, "எங்கே, அடிபடாமல் விழுவார்களாமே, விழுந்து காட்டு" என்றார். காட்டினேன். தாமும் விழுந்து பார்க்கிறேன் என்று கிளம்பியவரைப் பெரியம்மாதான் தடுத்தார். அந்த மனிதர் எந்தச் சான்றிதழும் வைத்திருக்கவில்லை.

உண்மையில் இது மரபைப் பற்றிய கோபமே இல்லை என்று எனக்குத் தோன்றத் தொடங்கிவிட்டது. கிரேடிங் கட்டணம், பெல்ட்டுக்குக் கட்டணம், சான்றிதழுக்குக் கட்டணம், ஆண்டு உறுப்பினர் கட்டணம். மாணவி வேறு இடத்தைப் பார்த்துவிட்டால் ஒப்பிட்டுப் பார்ப்பாள், கேள்வி கேட்பாள். பயம் அங்கேதான். எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர்கூட பக்கத்துக் கடைக்குப் போனாயா என்று என்னைக் கேட்டதில்லை. அந்தப் பக்கம் உட்கார்ந்து சிரித்தீர்களே பெற்றோர்களே, நாளை உங்கள் மகள் நீச்சல் வகுப்புக்குப் போக மாஸ்டரிடம் அனுமதிக் கடிதம் வாங்குவீர்களா?

இந்தப் பதிவை எப்படியும் அவரிடம் யாராவது காட்டுவார்கள். காட்டுங்கள், எனக்கு ஒன்றுமில்லை. அந்தப் பெண்ணின் அம்மாவிடம் நேற்று பேசினேன். தேர்வுக் கட்டணத்தை முழுவதுமாக முன்பே கட்டியிருக்கிறார். ஒரு ரூபாய்கூட இன்னும் திரும்பி வரவில்லை. மாஸ்டர், மரபைப் பிறகு பேசலாம், முதலில் அந்தப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.