அது பின்னல் தவறு இல்லைங்க

அண்ணன் போட்ட அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்பாதீர்கள். பார்த்துவிட்டேன். அரிசோனாவில் நவஹோ என்ற அமெரிக்கப் பழங்குடியினரின் கூடை ஒன்றைத் தூக்கிக் காட்டி, "டிசைன் முழுசா முடியல பாருங்க, இங்க விட்டுட்டாங்க" என்று சொல்லி, 300 டாலரை 150 ஆக்கிய சாமர்த்தியத்தையும் பார்த்தேன்.

விட்டுப்போனதில்லை அண்ணா. வேண்டுமென்றே விட்டது.

டினே என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் அந்த மக்களின் சடங்குக் கூடை அது. கல்யாணத்தில் மணமக்கள் அதில்தான் சோளமாவுக் கூழை எடுத்துச் சாப்பிடுவார்கள். நடுவில் இருக்கும் வெள்ளை, மனிதர்கள் கீழுலகங்களிலிருந்து ஏறி வந்த இடம். சுற்றிக் கறுப்புப் படிகள். அவற்றை மலை என்று சொல்பவர்களும் உண்டு, மேகம் என்று சொல்பவர்களும் உண்டு. இடையில் சிவப்பு வளையம். எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டு உள்ளிருந்து வெளியே ஒரு வழி. சடங்கில் அது கிழக்கே பார்க்க வேண்டும். உங்களுக்குத் தவறாகத் தெரிந்தது அதுதான்.

எனக்கும் ஒரு காலத்தில் தெரியாது. பீனிக்ஸில் வேலை பார்த்தபோது சாலையோரக் கடையில் ஒரு பாட்டியிடம், "இடைவெளி இல்லாமல் ஒன்று கிடைக்குமா?" என்று கேட்டவன்தான் நான். அவர் கோபப்படவில்லை. கண்ணை மூடி விளிம்பைத் தடவச் சொன்னார். சுமாக் என்ற புதர்ச்செடியின் நாரால் பின்னிய பின்னல் முடிகிற முனை விரலில் தட்டியது. கண்ணைத் திறந்தால் அதற்கு நேராக அந்த வழி. இருட்டிலும் அந்த வழியைக் கையாலேயே கண்டுபிடித்துக் கிழக்கே திருப்பலாம். அப்புறம் நான் பேரம் பேசவில்லை.

"ஒரு கூடைக்கு இவ்வளவு பேச்சா?" ஆமாம், இவ்வளவுதான். "ரொம்ப காலம் பக்கத்துப் பழங்குடியான பையூட் பெண்கள்தானே பின்னி விற்றார்கள்?" உண்மை. நவஹோப் பெண்களுக்குப் பின்னுவதில் விலக்குகள் அதிகம். ஆனால் பையூட் பெண்களும் அந்த வழியை விட்டுத்தான் பின்னினார்கள். யூட்டா மாநிலத்தின் நவஹோக் கூடைக் கலைஞர் மேரி ஹாலிடே பிளாக் இந்தக் கலைக்காக 1995இல் அமெரிக்காவின் தேசிய மரபு விருது வாங்கினார். அவரிடமும் "விட்டுட்டீங்களேம்மா" என்றிருப்பீர்களா? "நம்ம கோலத்திலும் இதெல்லாம் இருக்கு" என்கிறவர்களுக்குப் பதில் கிடையாது. எல்லாவற்றையும் வாசலுக்கு இழுத்து வராதீர்கள்.

பாகிஸ்தானில் செய்த நகல்களும் அங்கே விற்கின்றன. அவற்றை நவஹோ கூடை என்று சொல்லி விற்பது 1990ஆம் வருடச் சட்டப்படி குற்றம். அந்த நகலில்கூட வழி இருக்கிறது. போலி செய்கிறவனுக்கு இருக்கிற கவனம்கூட, சரி, விடுங்கள்.

வீடியோவுக்குக் கீழே மரியாதையாக நாலு வரி எழுதினேன். "அங்கிள், கூடைக்காரங்க ஏஜென்ட்டா நீங்க?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அதற்கு அண்ணன் ஹார்ட் போட்டிருக்கிறார். எனக்கு ஒரு வரி பதில் இல்லை. பதினைந்து வருடமாக அவரைத் தெரியும்.

வீடியோவின் கடைசியில் கூடை அவர் வீட்டு ஹால் சுவரில் தொங்குகிறது. அந்த இடைவெளி கண்ணில் படாதபடி கீழே திருப்பி, முன்னால் ஒரு மணி பிளான்ட் வைத்திருக்கிறார்.