கழுத்து ஸ்கேன் நார்மல் என்றால் இதயமும் சுத்தமா?

"கழுத்து ஸ்கேனில் அடைப்பு இல்லை என்று வந்தால் இதயக் குழாய்களும் சுத்தம், கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிடலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதியே தவறு. கழுத்து வழியாக மூளைக்கு ரத்தம் கொடுக்கும் கரோட்டிட் தமனி வேறு, இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் கரோனரி தமனி வேறு. கழுத்தில் ஒன்றும் தெரியாதவருக்கும் இதயத்தில் கொழுப்புப் படிவு இருக்கலாம்.

அப்புறம், ரிப்போர்ட்டில் "அடைப்பு இல்லை" என்பதும் "படிவு இல்லை" என்பதும் ஒன்றல்ல. ஆரம்பத்தில் படிவு ரத்தக் குழாயின் சுவருக்குள்ளேயே வளரும். ரத்தம் ஓடும் வழி குறுகாது, ரத்த ஓட்டத்தை அளக்கும் டாப்ளர் ஸ்கேனில் வேகமும் மாறாது. சுவரின் தடிமன் 1.5 மி.மீ. தாண்டினாலோ, ஓரிடத்தில் மட்டும் 0.5 மி.மீ. உள்ளே புடைத்திருந்தாலோ அதைப் படிவு என்றே கணக்கிடுவார்கள். சுவர் முழுக்கச் சீராகத் தடித்திருப்பது வேறு கதை. அது வயதாலும் ரத்த அழுத்தத்தாலும்கூட வரும். அந்தத் தடிமனை எல்லோருக்கும் வழக்கமாக அளக்க வேண்டாம் என்று 2013இலேயே அமெரிக்க இதய வழிகாட்டுதல் சொல்லிவிட்டது.

அதற்காக ஸ்கேன் வீண் என்று சொல்லவில்லை. மாத்திரை தொடங்கலாமா வேண்டாமா என்று ஊசலாடுபவருக்குப் படிவு தெரிந்தால் முடிவு எளிதாகும். தெரியவில்லை என்பதற்காக, ஏற்கெனவே சாப்பிடும் ஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரையை மருத்துவரிடம் கேட்காமல் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் சில வாரங்களில் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு பழையபடி ஏறிவிடும்.