ஜன்னல் திண்டில் 100.5

போன வாரம் பிளவுஸ் வாங்க வந்த ஒரு கல்லூரிப் பொண்ணு, ஜன்னல் திண்டில் பாடிக்கொண்டிருந்த ரேடியோவைப் பார்த்துவிட்டு, "இன்னமும் இதையா கேக்குறீங்க அக்கா? யூட்யூப்ல வேணுங்கிற பாட்டு உடனே வருமே" என்றாள். நல்ல பொண்ணு, கிண்டலுக்குச் சொல்லவில்லை. ஊக்கு தைக்கிற வேலை பாக்கி இருந்ததால் அப்போது சும்மா சிரித்து அனுப்பிவிட்டேன். ஆனால் அவளுக்கு ஒழுங்கான பதில் சொல்லணும் என்று அன்றிலிருந்து மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

நான் கோடைப் பண்பலையின் ரசிகை. கொடைக்கானல் மலையில் இருந்து 100.5-இல் ஒலிபரப்பாகிற ஆகாசவாணியின் எஃப்.எம். நிலையம் அது. நடிகர் படத்துக்குப் பாலூற்றுகிறவர்களும், சென்னை அணி ஜெயித்தால் தெருவில் வெடி போடுகிறவர்களும் எப்படி ரசிகர்களோ, அப்படித்தான் நானும். வானொலியில் எங்களை நேயர்கள் என்பார்கள். ரசிகர் என்பதைவிட எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கும். அதற்குள் நேயம் இருக்கிறது.

நான் பிறந்து வளர்ந்தது தேவதானப்பட்டி. மலைக்கு அடிவாரம். வாசலுக்கு வந்தால் கண்ணெதிரே மலை சுவர் வைத்த மாதிரி நிற்கும். ராத்திரி உச்சியில் நாலைந்து விளக்குகள் மினுக்கும். "அங்கன இருந்துதான் பாட்டுப் போடுறாக" என்று அப்பா கையை நீட்டிக் காட்டுவார். வெளியூர்க்காரர்களுக்குக் கொடைக்கானல் என்றால் ஏரி, படகு, தூண் பாறை, சாக்லேட். அடிவாரத்துக்காரர்களுக்கு அது ஒரு குரல். இட்லிக் கடையில், மாந்தோப்புக் காவல் குடிசையில், சலூனில், மலைப்பாதை தொடங்குகிற காட்ரோட்டு டீக்கடையில் எல்லாம் அந்த ஒரே குரல் கேட்கும். எஃப்.எம். அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் போகும், மலையைச் சுற்றி வளைந்து வராது என்று பள்ளிக்கூடத்தில் அறிவியல் சார் சொல்லிக் கொடுத்தார். ஏழாயிரம் அடி உயரத்தில் இருந்து பேசுவதால்தான் தேனி, திண்டுக்கல், மதுரை என்று மாவட்டம் மாவட்டமாகக் கேட்கிறது. அன்றைக்கு முழுக்க மலையைப் பார்க்கும்போதெல்லாம் அது எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரியே இருந்தது.

கல்யாணமாகி 2018 டிசம்பரில் மலைக்கு வந்தேன். அவர் சுற்றுலா வேன் ஓட்டுகிறார். கொடைக்கானல் நாயுடுபுரத்தில் வாடகை வீடு. காட்ரோட்டில் இருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான், வெளிநாட்டுக்குப் போன மாதிரி எதற்கு அழுகிறாய் என்று எல்லாரும் கேட்டார்கள். கிலோமீட்டரை வைத்து ஊரை அளக்க முடியாது. தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாகிவிட்டது. தையல் மெஷினுக்கு விட்ட எண்ணெய் இறுகி, விடிகாலையில் பெடலை மிதித்தால் சேற்றுக்குள் நடக்கிற மாதிரி கனத்தது. விரல் மரத்துப்போய் ஊசியில் நூல் கோக்க முடியாது. மூடுபனி இறங்கினால் துவைத்த துணி மூணு நாளைக்குக் காயாது.

எல்லாவற்றையும்விட அந்தக் கதவுகள். பக்கத்து வீடுகளில் பகலெல்லாம் கதவு சாத்தியே கிடக்கும். குளிருக்குச் சாத்துகிறார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. என்னோடு பேசப் பிடிக்காமல் சாத்துகிறார்கள் என்று நினைத்து அழுதிருக்கிறேன். எங்க ஊர் மூங்கிலணைக் காமாட்சியம்மனுக்குக் கதவே திறக்க மாட்டார்கள். சாத்திய கதவுக்குத்தான் மாலையும் பூசையும். பிறந்ததில் இருந்து அந்தக் கதவைக் கும்பிட்டு வளர்ந்தவள் நான். அந்தக் கதவுக்குப் பின்னால் ஆத்தா இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். இந்தக் கதவுகளுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

பெட்டியோடு கொண்டுவந்த கை ரேடியோவைப் போட்டால் அடுப்படியில் ஒரே இரைச்சல். எங்கள் வீடு ஒரு சரிவின் பின்பக்கம் இருக்கிறது. அடிவாரத்தில் கணீரென்று கேட்ட குரலை மலைக்கு மேலேயே வந்து தேட வேண்டியதாகிவிட்டது. ஒவ்வொரு மூலையாக வைத்துப் பார்த்து, கடைசியில் ஜன்னல் திண்டில், ஏரியலை இடது பக்கம் சாய்த்து வைத்தபோது தெளிந்தது. நேயர் விருப்பம் ஓடிக்கொண்டிருந்தது. பெயர்கள், ஊர்கள், பெயர்கள், ஊர்கள். பெரியகுளம், நிலக்கோட்டை, ஆண்டிபட்டி என்று போய், "தேவதானப்பட்டியில் இருந்து" என்று அறிவிப்பாளர் சொன்னார். ஒரு கையில் ஜாக்கெட் துணி, ஒரு கை மெஷின் சக்கரத்தில். அப்படியே நின்றுவிட்டேன். யாரோ கேட்ட பாட்டு, யாருடைய பெயரோ. ஆனால் ஊர் என்னுடையது.

அந்த வருசம் கடைசி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பூண்டு வாங்கப் போனேன். விற்றது, பூம்பாறை மலைக்கிராமத்தில் இருந்து வருகிற ஓர் அக்கா. (2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூண்டைக் கையில் எடுத்தாலே வாசம் தூக்கும்.) பூண்டுக் குவியலுக்கு நடுவில், பனி படாமல் இருக்க பிளாஸ்டிக் கவரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்ட ஒரு ரேடியோ, கவருக்குள் இருந்தே பாடிக்கொண்டிருந்தது. நான் நின்று பாட்டைக் கேட்பதைப் பார்த்து, "எந்த ஊரு?" என்றார்.

"தேவதானப்பட்டி."

"அட, மஞ்சளாறு அணை இருக்கிற ஊரு. நெறஞ்சிருச்சாமே, ரேடியோல சொன்னாங்க. நேத்துகூட உங்க ஊர்ப் பேரு வாசிச்சாங்க."

அந்த அக்கா வத்தலக்குண்டுக்குக் கீழே இறங்கியதே இல்லையாம். எங்க ஊரைப் பார்த்ததில்லை. ஆனால் எங்க ஊர் அணையில் தண்ணீர் ஏறியதைக் கவலையோடு காதில் வாங்கி வைத்திருக்கிறார். இந்த மலையில் எலிவால் அருவியாக விழுகிற தண்ணீர்தான் மஞ்சளாறாக எங்க ஊருக்கு வருகிறது. அந்த மழையை அவர்கள் மேலே நனைந்து பார்க்கிறார்கள், நாங்கள் கீழே அணையில் பார்க்கிறோம். மலைக்கு வந்த ஒரு மாசத்தில் என் ஊரைப் பற்றி என்னிடம் விசாரித்த முதல் ஆள் அவர்தான். அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது குளிர் அப்படியேதான் இருந்தது. எனக்குத்தான் பயம் போயிருந்தது.

அதனால்தான் அந்தப் பொண்ணுக்கு இதைச் சொல்கிறேன். யூட்யூபில் எனக்கு வேணுங்கிற பாட்டு வரும், உண்மைதான். நானும் கேட்கிறேன். ஆனால் அது நான் நேற்றுக் கேட்டதையே இன்றைக்கும் முன்னால் கொண்டுவந்து வைக்கிறது. ரேடியோவில் எனக்கு வருவது இன்னொருத்தருக்கு வேணுங்கிற பாட்டு. ஆண்டிபட்டியில் தறி ஓட்டுகிறவர் கேட்ட பாட்டை நான் கேட்கிறேன். நான் கேட்ட பாட்டை அவர் கேட்கிறார். இளையராஜா பாட்டு வரும்போதெல்லாம், அவர் பிறந்த பண்ணைப்புரத்திலும் இந்த நிமிஷம் இது கேட்கும் என்று நினைப்பேன். தனியாகக் கேட்கிற பாட்டுக்கும் ஊரோடு கேட்கிற பாட்டுக்கும் உள்ள வித்தியாசம், ஊரைவிட்டு வந்தவர்களுக்குத்தான் நல்லாத் தெரியும்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற விஷயம் ஒன்று உண்டு. முன்பெல்லாம் விலை குறைந்த போனில்கூட எஃப்.எம். இருந்தது. காதில் மாட்டுகிற வயர்தான் அதற்கு ஏரியல். இப்போது வருகிற பல போன்களில் வயர் சொருகுகிற துளையும் இல்லை, எஃப்.எம்மும் இல்லை. ஆகாசவாணியைச் செயலியில் கேட்கலாமே என்கிறார்கள். மலைக்கிராமத்தில் சிக்னல் இல்லாத தோட்டத்தில் நிற்கிறவர் எந்தச் செயலியில் கேட்பார்? காற்று மழையில் மரம் விழுந்து கரண்டும் டவரும் போன ராத்திரிகளில் எங்கள் வீட்டில் பேசியது இரண்டு பேட்டரி போட்ட இந்த ரேடியோ மட்டும்தான். போனில் எஃப்.எம். கட்டாயம் இருக்க வேண்டும். கேட்கிறவர்களும் எழுத வேண்டும், பேச வேண்டும். நேயர் கடிதம் வராத நிலையத்துக்கு நேயர் இருப்பது யாருக்குத் தெரியும்?

நான் எழுதுகிறேன். சின்ன வயசில் அப்பா வாங்கித் தந்த 50 பைசா அஞ்சலட்டையில் தொடங்கிய பழக்கம். கொடைக்கானல் வந்து முதல் கார்டு எழுதியபோது பாட்டு, பெயர் எல்லாம் எழுதி முடித்துவிட்டு, ஊர் எழுதுகிற இடத்தில் பேனா நின்றுவிட்டது. தேவதானப்பட்டி என்று எழுதினால் பொய் இல்லை. ஆனால் கார்டைப் போடப்போவது நாயுடுபுரத்துத் தபால் பெட்டியில். இரண்டு நாள் அந்தக் கார்டு மெஷின் மேலேயே கிடந்தது. மூணாவது நாள், 'தையல்காரர், நாயுடுபுரம், கொடைக்கானல்' என்று எழுதிப் போட்டுவிட்டேன்.

வாசித்த அன்றைக்கு நான் கேட்கவில்லை, கரண்டுக் கட்டணம் கட்டப் போயிருந்தேன். அம்மாதான் போன் செய்தாள். "உன் பேரு வந்துச்சுடி. நம்ம ஊரைச் சொல்லலையே?" என்றாள். என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அவளே கொஞ்ச நேரம் கழித்து, "சரி, உங்க ஊர்ல மழையாம்ல, துணியை எடுத்து உள்ள போடு" என்றாள்.

அடுத்த ஞாயிறு சந்தையில் பூண்டு அக்கா எடை போட்டு முடித்து, மேலே ஒரு கை அள்ளிப் பையில் போட்டார். "நாயுடுபுரம் தையக்காரவுக நீங்கதானா? இத்தனை நாளா தேவதானப்பட்டின்னுல்ல சொல்லிக்கிட்டு இருந்தீங்க."